ஒரே ரோடு, ஒரே லோடு

எந்த வண்டி நல்ல வண்டி என்று அவரிடம் கேட்டவர்கள் யாரும் உடனே பதில் வாங்கிக்கொண்டு போனதில்லை. கேட்டவர் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். கையிலிருக்கும் ஸ்பானரைக் கீழே வைப்பார். அதற்கப்புறம் கேள்விகள் அவர் பக்கத்திலிருந்து வரும். எந்த ரோட்டில் ஓட்டப் போகிறீர்கள், என்ன லோடு, ஓட்டப்போவது யார், டீசல் எந்த பங்கில். வந்தவர் பாதியிலேயே சலித்துப்போய், சும்மா ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சுவார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவரிடம் பஞ்சம்.

"ஒரே ரோடு, ஒரே லோடு, ஒரே டிரைவர். அப்படி ரெண்டு வண்டியையும் ஓட்டிப் பார்க்காம நான் எந்தா சொல்றது?" என்பார். ஸ்பானரை மறுபடி கையில் எடுத்துவிடுவார்.

மட்டாஞ்சேரியில் கொச்சங்காடிப் பக்கம், பழைய கிடங்குகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. டீசல் பிக்கப் வண்டிகளின் டர்போ வேலை மட்டும் செய்வார். டர்போ என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அது சுற்றுவதால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்று திணிக்கப்படும். காற்று கூடினால் இழுவை கூடும். இதையே அவரிடம் கேட்டால் அரை நாள் ஆகும்.

என்னைவிட இரண்டு வயது சின்னவர். தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவார், எழுதுவது மலையாளத்தில்தான். அக்கம்பக்கத்து மலையாளிகள் முதுகுக்குப் பின்னால் 'ஒரே ரோடு சேட்டன்' என்பார்கள். நாங்கள் மேஸ்திரி என்று கூப்பிடுவோம். பெயரை எழுதாமல் விடுகிறேன். இப்போது மஸ்கட்டில் இருக்கிறார். யாராவது இதைப் படித்துக்காட்டி, அதில் தன் பெயரும் இருந்துவிட்டால், கூச்சத்தில் ஒரு வாரம் யாரோடும் பேசமாட்டார்.

ஒப்பிட்டுப் பேசுவது என்றால் அவருக்கு அவ்வளவு கண்டிப்பு. வண்டியோடு நின்றால் பரவாயில்லை. இந்த வருடம் மழை அதிகம் என்று சாதாரணமாக ஒருவர் பேச்சைத் தொடங்கினால், எந்த இடத்து மழையை எந்த இடத்து மழையோடு வைத்துச் சொல்கிறீர்கள் என்பார். பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

அவர் வீட்டு மீன் குழம்புக் கதை கொச்சங்காடி முழுக்கப் பிரசித்தம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் யாரோ ஒரு விருந்தாளி விளையாட்டாக, அம்மா வைக்கும் குழம்பு நல்லதா, பெண்டாட்டி வைக்கும் குழம்பு நல்லதா என்று கேட்டுவிட்டார். எந்த ஆண்மகனுக்கும் இதற்குப் பதில் தெரியும்: இரண்டும் நல்லது. இவர், அம்மா வைத்தது மண்சட்டியில், மனைவி வைத்தது அலுமினியத்தில், மீனும் வேறு, எப்படிச் சொல்வது என்று கேட்டார். ஆள் பிழைத்துக்கொண்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரே கரிமீனை இரண்டாக நறுக்கி, ஒரே மாதிரி இரண்டு மண்சட்டி வாங்கிவந்து, இருவரையும் ஒரே அடுப்பில் அடுத்தடுத்துச் சமைக்க வைத்தார். சாப்பிட்டுப் பார்த்து, அம்மா வைத்ததுதான் என்று தீர்ப்பும் சொன்னார். மனைவி மூன்று நாள் பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. பெற்றவள் கைப்பக்குவத்தைத் தெரிந்துகொள்ள இவனுக்குப் பரீட்சை வேண்டியிருந்ததா என்று அந்த அம்மாளுக்குக் கோபம். மூன்று நாளும் மேஸ்திரிக்குச் சாயாக்கடைப் புட்டுதான்.

இப்படிப்பட்ட ஆளை நம்பி ஒரு காலத்தில் என் பிழைப்பே இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் டிரைவர். என் அப்பா போடியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு மூட்டை தூக்க வந்தவர். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே ஸ்டியரிங் பிடித்தவள். அப்போது கொச்சங்காடியில் ஒரு நண்டு வியாபார நிறுவனத்தில் வேலை. வைப்பின் தீவின் வடக்கே உள்ள பண்ணைகளிலிருந்து உயிர் நண்டு வரும். கிடங்கில் தரம் பிரித்து, கொடுக்கைக் கட்டி, ஈரச் சாக்கு போட்டு மூடி, மூணாறு மலையில் இருக்கும் விடுதிகளுக்கு அனுப்புவோம். உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் நண்டு. செத்துப்போனால் வெறும் ஓடு. ஆகவே முதலாளி இழுவையும் வேகமும் உள்ள பெரிய பிக்கப்பாகப் பார்த்து இரண்டு வாங்கியிருந்தார். மூணாறு ஓட்டம் பள்ளுருத்திக்கார சேட்டன் ஒருவருக்கு. வைப்பின் ஓட்டம் எனக்கு.

இரண்டு வண்டிக்கும் எஞ்சின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். டர்போதான் வேறு வேறு. சேட்டனுடைய வண்டியில் ஒற்றை டர்போ. அதன் சக்கரத்தைச் சுற்றி நகரக்கூடிய தகடுகள் உண்டு. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது தகடுகள் நெருங்கிப் புகையின் வழியைச் சுருக்கும், வேகம் ஏறினால் விரிந்து வழிவிடும். என் வண்டியில் இரட்டை டர்போ. கிளம்பும்போது சின்னது வேலை செய்யும், வேகம் வந்ததும் பெரியது பொறுப்பை வாங்கிக்கொள்ளும். தம்பி அடுப்பைப் பற்றவைக்க அண்ணன் வந்து சமைக்கிற ஏற்பாடு. ஒற்றையில் மிதித்த பிறகு வண்டி ஒரு மூச்சு யோசிக்கும், இரட்டையில் அந்த யோசனை இல்லை என்பேன் நான். இரட்டையில் குழாயும் வால்வும் கூடுதல், கெட்டுப்போகும் இடமும் கூடுதல் என்பார் சேட்டன். தினமும் இந்தச் சண்டைதான் எங்களுக்குக் காலைப் பலகாரம்.

மேஸ்திரி இந்தச் சண்டையில் தலையிடவே மாட்டார். ஒரே ஒரு தடவைதான் வாய் தவறினார். மழை பெய்த ஒரு சாயங்காலம் சாயாக்கடையில் நாலு பேர் சேர்ந்துகொண்டு ஒற்றையா இரட்டையா என்று அவரை நச்சரித்தார்கள். அன்றைக்கு அவருக்குப் பல்வலி. "ரெண்டு டர்போன்னா ரெண்டு தலைவலி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கேட்பதற்கு நன்றாக இருந்ததால் மட்டாஞ்சேரி அதைப் பிடித்துக்கொண்டது. கலூரில் உதிரிபாகம் விற்கும் கடைவரை அந்த வாக்கியம் போய்ச் சேர்ந்தது.

சில மாதத்தில் என் வண்டியின் சின்ன டர்போ சங்கு மாதிரி ஊளையிட்டு, பின்னால் நீலப் புகை விட்டு உட்கார்ந்தது. மேஸ்திரியே சொல்லியிருக்கிறாரே, இரட்டை டர்போ அப்படித்தான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். புதிது மாட்டினோம். அதுவும் வெகுநாள் தாங்கவில்லை. இந்தத் தடவை மானேஜர் என் பக்கம் திரும்பினார். எவ்வளவு மோசமான டர்போவாக இருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் இரண்டு போகுமா, மூணாறு மலை ஏறுகிற வண்டிக்கே ஒன்றும் ஆகவில்லை, சமதரையில் ஓடுகிற வண்டிக்கு என்ன கேடு, பெண் ஓட்டினால் இப்படித்தான் என்று கிடங்கு முற்றத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம் என்றும் சொன்னார்.

எனக்கு அந்த வேலை போனால் வேறு வேலை கிடைக்காது என்பதில்லை. டிரைவர் வேலை கிடைக்காது. இரண்டு டர்போவைக் கொன்றவள் என்ற பெயரோடு ஒரு பெண் கொச்சியில் யாரிடம் போய்ச் சாவி கேட்பாள்?

அன்று மத்தியானமே மேஸ்திரியின் கொட்டகைக்குப் போனேன். என் வண்டியின் டர்போவைத்தான் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம், ஊரே சொல்லிக்கொண்டிருக்கும் உங்கள் வாக்கியத்தை மானேஜர் முன்னால் இன்னொரு தடவை சொன்னால் போதும், என் வேலை போகாது என்று கேட்டேன். அழுதேனா என்று இப்போது நினைவில்லை. அழுதிருப்பேன்.

"அக்கா, அது நான் சாயாக்கடையில சொன்னதாக்கும். ஓட்டிப் பார்த்துச் சொன்னதல்ல" என்றார்.

ஒரு பொய் சொல்லக்கூட உனக்கு நான் வேண்டியவள் இல்லையா என்று கத்தினேன். அதுவரை அவரை 'நீ' என்று பேசியதில்லை. அவர் கோபப்படவில்லை. டர்போவின் நடுத்தண்டை என் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். எண்ணெய் ஓட வேண்டிய இடத்தில் கரி கட்டி, அடிப்பிடித்த பாத்திரம் போலச் சொரசொரத்தது. எண்ணெய் உள்ளேயே வெந்திருக்கிறது, ஏன் வெந்தது என்று தெரியாமல் வண்டியையும் குறை சொல்லமாட்டேன், உங்களையும் குறை சொல்லமாட்டேன் என்றார். இப்படியும் ஒரு மனிதனா என்று கரித்துக்கொட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் அவரே முதலாளியைப் பார்த்து இரண்டு வாரம் தவணை வாங்கினார். என் வண்டிக்கு இன்னொரு புது டர்போ மாட்டினார். டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாயில் சூடு காட்டும் மீட்டர் ஒன்றை இரண்டு வண்டியிலும் பொருத்தினார். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் என்பது அவருடைய சட்டம். முதலில் என் வண்டியை என் ரோட்டிலேயே பள்ளுருத்திச் சேட்டன் ஓட்டினார். அடுத்த நாள் அதே வண்டியை நான். மூன்றாம் நாள் சேட்டனின் ஒற்றை டர்போவை அதே ரோட்டில் நான். எல்லா ஓட்டத்திலும் பெட்டிகள் ஒரே எண்ணிக்கை. டீசலுக்கும் ஒரே பங்க். பக்கத்துச் சீட்டில் மேஸ்திரி, மடியில் ஒரு நோட்டு. 

என் ஓட்டம் எப்படி என்றால், பண்ணையில் லோடு ஏற்றியதும் தீவு ரோட்டில் பஸ்களுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு வர வேண்டும். தீவின் தெற்கு முனையில் ஜங்கார் நிற்கும், வண்டிகளை ஏற்றி ஃபோர்ட் கொச்சிக் கரையில் விடும் மிதவைக் கப்பல். அதைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெயிலில் காத்திருக்க வேண்டும், நண்டு தாங்காது. கடைசி வளைவிலிருந்து ஜங்கார் நிற்பது கண்ணில் பட்டுவிட்டால் கால் தானாகவே அழுத்தும். நான் மட்டுமல்ல, எல்லா டிரைவரும் அப்படித்தான். ஏறி நின்ற கையோடு எஞ்சினை அணைக்கச் சொல்லிக் கை காட்டுவார்கள், அணைப்போம். நான் ஒருநாளும் ஜங்காரைத் தவறவிட்டதில்லை என்பதில் எனக்குக் கர்வமும் உண்டு.

மூன்றாம் நாள் ஜங்காரில் ஏறி எஞ்சினை அணைத்தேன். மேஸ்திரி மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். எஞ்சின் நின்றுவிட்டது. ஜங்கார் நகர்ந்து கழிமுகத் தண்ணீருக்குள் போயாகிவிட்டது. மீட்டர் முள் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. சிவப்புக் கோட்டைத் தொட்டு, தாண்டி, அங்கேயே நின்றது. சேட்டன் ஓட்டிய நாளும் இப்படித்தானா என்று கேட்டேன். நோட்டைத் திருப்பிக் காட்டினார். மூன்று நாளும் ஒரே இடத்தில் கோடு போட்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஓட்டம் முடிந்தால் உடனே அணைக்கக் கூடாது, இரண்டு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் டர்போவில் நின்றுபோன எண்ணெய் சூட்டில் வெந்துவிடும் என்று எங்களில் யாருக்குத் தெரியாது? கிடங்கில் வந்து நின்றால் மறக்காமல் செய்வோம். மூணாறில் விடுதிக் கேட்டைத் திறக்கும்வரை சேட்டனின் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஜங்காரில் ஏறுவதை ஓட்டம் முடிவதாக இந்தக் கரையில் யாரும் நினைத்ததில்லை. பாதி வழி அல்லவா அது. ஓட்டம் முடியவில்லை, ஆனால் எஞ்சின் நின்றுவிட்டது. தினமும் அந்தப் பாதி வழியில்தான் டர்போ வெந்திருக்கிறது.

அதோடும் மேஸ்திரி விடவில்லை. இரட்டை டர்போ வண்டியைச் சேட்டனிடம் கொடுத்து மூணாறுக்கு ஒரு தடவை போய்வந்தார். மேலே போய் நின்றபோது முள் சிவப்பை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தவணையின் கடைசி நாள் கிடங்கு முற்றத்தில் முதலாளி, மானேஜர், சேட்டன், நண்டு கட்டும் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். மேஸ்திரி நோட்டைப் பார்த்துச் சொன்னார். டர்போ போனதற்குக் காரணம் ஓட்டியவள் இல்லை, அவள் ஓட்டினாலும் சேட்டன் ஓட்டினாலும் ஒரே சூடு. இரட்டை டர்போவும் காரணம் இல்லை, ஒற்றையும் அந்த ரோட்டில் அதே சூட்டுக்குப் போகிறது. வேகமாக வந்து ஜங்காரில் ஏறி உடனே அணைப்பதுதான் காரணம். துறைக்கு முன்னாலேயே ஒதுங்கி இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு ஏறட்டும், ஜங்கார் போனால் போகட்டும் என்றார். நோட்டை மூடிவிட்டு ஒன்று சேர்த்துச் சொன்னார்.

"ரெண்டு டர்போன்னா ரெண்டு தலைவலின்னு நான் சொன்னது தப்பு. சோதிக்காம சொன்னேன். அந்த வார்த்தையை நான் திருப்பி எடுத்துக்கிறேன்."

அதை யாரும் கேட்கவே இல்லை. என் வேலை நிலைத்ததே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. அவருக்குப் போதவில்லை. அன்று சாயங்காலம் சாயாக்கடைக்குப் போய், அன்றைக்கு நச்சரித்த நாலு பேரையும் தேடிப் பிடித்துச் சொன்னார். அடுத்த நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு பஸ் பிடித்துக் கலூருக்குப் போனார். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்டதற்கு, போன தடவை நேரில்தானே போய்ச் சேர்ந்தது என்றார். கலூர்க் கடைக்காரருக்கு அப்படி ஒரு வாக்கியம் கேட்டதே மறந்துபோயிருந்ததாம். முதலில் அதை ஞாபகப்படுத்தி, பிறகு அது தப்பு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அன்று ராத்திரி சோறு தின்னும்போது, தன் வாயால் கெட்ட பெயர் வாங்கிய ஒரு இரும்புத் துண்டுக்காக பஸ் ஏறிப் போகிற மனிதன் எனக்குத் தெரிந்தவன் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் முற்றத்தில் அன்று இன்னொன்றும் நடந்தது. மானேஜர் தாராள மனதோடு, அப்படியானால் இவளும் ஆண்களைப் போல நன்றாகத்தான் ஓட்டுகிறாள் என்றார். நான் தலையை நிமிர்த்தினேன். மேஸ்திரி குறுக்கே வந்தார். அது இன்னும் தெரியாது என்றார். டர்போ கெட்டதற்கு இவர் காரணம் இல்லை என்றுதான் தெரியும், நல்ல டிரைவரா என்பதை யாரும் பார்க்கவில்லை, சேட்டனோடு வைத்துச் சொல்வதானால் சேட்டனின் ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். அந்த நிமிடம் என் கையில் நண்டு இருந்திருந்தால் அவர் மேல் விட்டெறிந்திருப்பேன்.

அந்த வாரமே ஓட்டினோம். ஒரே இரட்டை டர்போ வண்டி, ஒரே எண்ணிக்கை நண்டுப் பெட்டி, நேரியமங்கலம் தாண்டி மலை ஏறும் அதே ரோடு, அதே விடிகாலை நேரம். ஒருநாள் சேட்டன், ஒருநாள் நான். கொண்டை ஊசி வளைவுகளில் சின்ன டர்போ பிடித்துக்கொள்ளும் வேகத்திலேயே வண்டியை வைத்தேன். பெரியது விழித்து வண்டியைத் தூக்கியடிக்க விடவில்லை. வைப்பினில் பஸ்களுக்கு நடுவே நின்று நின்று கிளம்பிப் பழகிய காலுக்கு அது தெரிந்திருந்தது. மேலே போய்ப் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொரு நண்டாகத் தொட்டுப் பார்த்து எழுதினார் மேஸ்திரி. இறங்கும்போது நான் பிரேக்கையே நம்பினேன். அடிவாரத்தில் சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை வந்தது. அவர் அதையும் எழுதினார். இதையாவது மறைக்க மாட்டீர்களா என்று கேட்க வாய் வந்தது. 

மறுபடி முற்றம். மறுபடி அதே கூட்டம். "இறக்கத்துல சேட்டன் மேல. ஏத்தத்துல அக்கா மேல. நண்டு அக்கா கொண்டுபோன அன்னைக்குத்தான் நல்ல உசிரோட இருந்துச்சு" என்றார். நண்டு கட்டும் பெண்களில் ஒருத்தி மட்டும் கை தட்டினாள். சேட்டன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு முதலில் இறக்கம் மட்டும்தான் காதில் விழுந்தது.  முதலாளி மானேஜரிடம் மலையாளத்தில் கேட்டார், ஏறும்போது வண்டியில் என்ன இருக்கும் என்று. நண்டு என்றார் மானேஜர். இறங்கும்போது? காலிப் பெட்டி என்றார், குரல் இறங்கி.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மூணாறு ஓட்டம் எனக்கு. இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டே வண்டியைப் பிடிப்பதைப் பள்ளுருத்திச் சேட்டனிடமே கேட்டுக் கற்றுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். மகளிர் தினத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள், பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மேடையில் பேசியிருக்கிறார்கள். நானும் சிரித்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அவற்றில் ஒன்றுகூட நினைவில் நிற்பதில்லை. ஏற்றத்தில் நான் மேல் என்று ஒருவர் சொன்னார். என் வேலை போகிறது என்று தெரிந்தும் எனக்காக ஒரு பொய் சொல்லாதவர் அவர்.